வலையில் சிக்காத மிதவையுயிர்கள்: நடுக்கடலில் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவை எண்ணிய அனுபவம்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடு அரபிக்கடலில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். குளிர்காலத்தில் மேலும் கீழுமாகக் கலந்த நீர் அதற்குள் சூடேறி அடுக்குகளாகப் பிரிந்துவிடும். மேலடுக்கில் இருந்த நைட்ரேட் என்னும் ஊட்டச்சத்தும் ஏறக்குறையத் தீர்ந்துபோயிருக்கும். அந்தப் பருவத்தில் 20 மைக்ரோமீட்டர் கண்ணளவுள்ள வலையை இழுத்தால், அடிக்குப்பியில் டயாட்டம், டைனோஃபிளாஜெல்லேட் போன்ற ஒற்றைச்செல் உயிர்கள் சிலவும் அவற்றைத் தின்னும் சிறு விலங்குகளும் மட்டுமே சேரும். அதைப் பார்த்துவிட்டு இந்தக் கடலில் ஒன்றுமில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிடலாம். நெடுங்காலம் அப்படித்தான் எழுதப்பட்டது. உண்மையில் அந்த வலையின் கண்கள் வழியாகத் தடையின்றி வெளியேறிய நீரில், ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் பல்லாயிரக்கணக்கான ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக்கள் இருந்தன.

அவற்றை எண்ணுவதுதான் அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் சென்ற ஆய்வுக் கப்பல்களில் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. ஒரு பயணத்தில் எங்களுடன் வந்த சாரங்கு தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வின்ச்சில் ஏறி வந்த குப்பிகளிலிருந்து நான் நீர் பிடிப்பதைப் பார்த்து, "வெறுந் தண்ணியப் போயி இத்தனை பக்குவமாப் புடிக்கிறீங்களே தம்பி" என்பார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் தேடிய உயிர்களில் பெரும்பான்மையானது புரோகுளோரோகாக்கஸ். அதன் குறுக்களவு சுமார் 0.6 மைக்ரோமீட்டர். 60 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டையான டயாட்டத்தின் கனஅளவை நிரப்ப இப்படிப்பட்ட 10 லட்சம் செல்கள் வேண்டும். இவ்வளவு சிறியதாக இருப்பதுதான் அதன் பலம். உடல் சிறுக்கச் சிறுக்க, கனஅளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு கூடுகிறது. ஊட்டச்சத்து மிகக் குறைந்த நீரிலிருந்தும் தனக்கு வேண்டியதை அதனால் உறிஞ்சிக்கொள்ள முடிகிறது. ஏறக்குறைய 40 பாகை வடக்கிலிருந்து 40 பாகை தெற்கு வரை, மேற்பரப்பிலிருந்து 200 மீட்டர் ஆழம் வரை, உலகக் கடல்களில் சுமார் 3க்குப் பின் 27 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையில் இது வாழ்வதாக 2013இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதே மதிப்பீட்டின்படி கடலின் நிகர ஒளிச்சேர்க்கை உற்பத்தியில் புரோகுளோரோகாக்கஸின் பங்கு சுமார் 8.5 சதவீதம், எண்ணிக்கையில் குறைவானாலும் உருவில் சற்றுப் பெரிய சினெகோகாக்கஸின் பங்கு சுமார் 16.7 சதவீதம். உலகின் மொத்த நிகர உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி கடலில்தான் நடக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த இரண்டு பாக்டீரியாக்களை விட்டுவிட்டுத் தாவர மிதவையுயிர்களைப் பற்றிப் பேசுவது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது விளங்கும்.

இவ்வளவு மிகுதியான உயிர்கள் எப்படி இத்தனை காலம் தப்பின என்ற கேள்விக்கு விடை கருவிகளில் இருக்கிறது. சினெகோகாக்கஸ் முதலில் கவனத்துக்கு வந்தது நம் அரபிக்கடலில்தான். 1977இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் அட்லாண்டிஸ் 2 கப்பலில் வந்த ஜான் வாட்டர்பரி, பாக்டீரியாக்களை எண்ணுவதற்காக ஒளிர்வு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். சாயம் சேர்க்காத மாதிரியை அவர் முதலில் பார்த்தபோது, ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாத இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் சிறு செல்கள் தெரிந்தன. அது ஃபைகோஎரித்ரின் என்னும் நிறமியின் ஒளிர்வு. அவரும் உடன் ஆய்வாளர்களும் அதைப் பற்றிய கட்டுரையை 1979இல் வெளியிட்டார்கள். புரோகுளோரோகாக்கஸுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அதன் சிவப்பு ஒளிர்வு மங்கலானது. நுண்ணோக்கியின் விளக்கொளியில் சில நொடிகளிலேயே வெளிறிவிடும். 1983இல் வெப்பமண்டல வட அட்லாண்டிக் நீரில் பழக்கமில்லாத ஒரு பச்சைய வகை இருப்பதை நிறமி ஆய்வாளர்கள் கண்டார்கள். அது யாருடையது என்பது அப்போது தெரியவில்லை. ராபர்ட் ஓல்சனும் சாலி சிஸ்ஹோமும், செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் வழியே ஓடவிட்டு அவற்றின் ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரைக் கப்பலில் ஏற்றிச் சென்றபோதுதான், முதலில் கருவியின் இரைச்சலோ என்று ஐயுற வைத்த சிறு சிவப்புச் சமிக்ஞைகள் உயிருள்ள செல்கள் என்பது உறுதியாயிற்று. அந்தக் கட்டுரை 1988இலும், புரோகுளோரோகாக்கஸ் மரைனஸ் என்ற பெயர் 1992இலும் வந்தன.

எங்கள் ஆய்வகத்திற்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் இந்த வரலாற்றைச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. எந்தச் சாயத்தையும் சேர்ப்பதற்கு முன்பு, எந்த வடிகட்டியிலும் ஊற்றுவதற்கு முன்பு, ஒரு துளி நீரை அப்படியே பார்த்துவிட வேண்டும். அதேபோல, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்டிய அதே இடத்துக் கடல்நீரை மாதிரிகளுக்கு முன்பும் பின்பும் கருவியில் ஓட்ட வேண்டும். இரைச்சல் எது, செல் எது என்பதை வடிகட்டிய நீர்தான் காட்டிக்கொடுக்கும். நேரமில்லை என்று பலரும் முதலில் கைவிடுவது இந்த ஓட்டத்தைத்தான். என் கருத்தில் கடைசி வரை கைவிடக்கூடாததும் அதுதான்.

மாதிரி எடுப்பதில் நான் கற்றவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இவை ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. உப்புத்தன்மையையும் வெப்பநிலையையும் ஆழத்தையும் அளக்கும் சி.டி.டி. கருவியோடு வளையமாகக் கட்டிய, வேண்டிய ஆழத்தில் மூடக்கூடிய நிஸ்கின் குப்பிகள் கப்பல் தளத்துக்கு வந்ததும், கரைந்த ஆக்சிஜன் பார்ப்பவர்கள் முதலில் நீர் பிடிப்பது மரபு. அவர்களுக்கு அடுத்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வெயிலில் சுடும் தளத்தில், 100 மீட்டர் ஆழத்தின் மங்கலான ஒளிக்குப் பழகிய செல்களை வைத்திருக்க வைத்திருக்க அவற்றின் நிறமிநிலை மாறத் தொடங்குகிறது. இவற்றைத் தின்னும் நுண்ணுயிர்களின் மேய்ச்சலும் குப்பிக்குள் தொடர்கிறது. நீரைக் கறுப்புத் துணி சுற்றிய குப்பியில் பிடித்து, நிழலான ஆய்வறைக்குக் கொண்டுபோய், 2 மில்லிலிட்டர் குழாய்களில் பிரித்து, இறுதிச் செறிவு 0.25 சதவீதம் வரும்படி செல்களைப் பதப்படுத்தும் குளூட்டரால்டிஹைடு சேர்த்து, 10 நிமிடம் போல இருட்டில் வைத்து, உடனே திரவ நைட்ரஜனில் இறக்கிவிடுவோம். கரைக்கு வந்ததும் கழித்தல் 80 பாகை உறைபெட்டிக்கு மாற்றுவோம். பதப்படுத்தும் வேதிப்பொருளைத் தாராளமாக ஊற்றினால் மாதிரி கூடுதலாகப் பாதுகாக்கப்படும் என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. அளவு மிஞ்சினால் பின்னணி ஒளிர்வு கூடி, ஏற்கெனவே மங்கலான செல்கள் அதில் மறைந்துவிடும். சாதாரண உறைபெட்டியில் மெதுவாக உறைய விட்டால் செல்கள் உடையும். எனவே பயணத் திட்டம் போடும்போதே திரவ நைட்ரஜன் எத்தனை நாள் தாங்கும், கொள்கலனில் தினமும் எவ்வளவு ஆவியாகிறது என்று கணக்கிட்டு, பயணத்தின் பின்பாதிக்கும் போதுமானதை ஏற்ற வேண்டும். துறைமுகத்தில் பேசி வைக்காமல் நடுக்கடலில் அதைத் தேட முடியாது.

கருவியில் ஓட்டும்போது ஒவ்வொரு மாதிரியிலும் ஒப்பீட்டுக்காக 1 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒளிர்மணிகளைச் சேர்க்கும் பழக்கம் எங்களைப் பலமுறை காப்பாற்றியது. கப்பலின் அதிர்வால் லேசர் தன் நேர்கோட்டிலிருந்து சிறிது விலகினாலும் மணிகளின் இடம் நகர்ந்து எச்சரிக்கும். கருவி காட்டும் ஓட்ட வேகத்தை மட்டும் நம்பாமல், மாதிரிக் குழாயை ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடைபோட்டு உண்மையில் எவ்வளவு நீர் போனது என்று பார்க்க வேண்டும். ஆடும் கப்பலில் தராசு நிலைகொள்ளாது என்பதால் இதைத் துறைமுகத்தில் வைத்தே முடித்துக்கொள்ளலாம். 488 நானோமீட்டர் நீல ஒளியில் சினெகோகாக்கஸ் ஆரஞ்சும் சிவப்பும் ஒளிரும். புரோகுளோரோகாக்கஸ் சிவப்பு மட்டும் ஒளிரும். சற்றுப் பெரிய நுண்பாசிகள் இரண்டுக்கும் மேலே தனித்திரளாக நிற்கும். வரைபடத்தில் இந்த மூன்று திரள்களும் தெளிவாகப் பிரிந்து தெரிவது 60, 80 மீட்டர் ஆழத்து நீரில்தான். மேற்பரப்பில் கதை வேறு. கடும் ஒளியில் வாழும் புரோகுளோரோகாக்கஸ் செல்லுக்குப் பச்சையம் அதிகம் தேவையில்லை. ஆழத்தில் இருப்பதைவிட அதன் ஒளிர்வு பல மடங்கு குறைவு. அதனால் திரளின் கீழ்ப்பாதி இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும். மேற்பரப்பில் புரோகுளோரோகாக்கஸ் இல்லை என்று எழுதப்பட்ட அட்டவணைகளை நான் எளிதில் நம்புவதில்லை. கருவியின் வாசலளவு, அதாவது எவ்வளவு மங்கிய சமிக்ஞை வரை அது பதிவு செய்தது என்பதை, அந்த அட்டவணையின் அடியிலேயே எழுதியிருந்தால் நம்பிக்கை கூடும்.

இதே உண்மை பச்சைய அளவைப் படிக்கும் முறையையும் மாற்றிவிடுகிறது. அடுக்குப் பிரிந்த நடுக்கடலில் பச்சையம் உச்சத்தில் இருப்பது மேற்பரப்பிலன்று, ஆழத்தில். அங்கே தாவர மிதவையுயிர்கள் குவிந்திருக்கின்றன என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். அந்த உச்சத்தின் ஒரு பகுதி, ஒவ்வொரு செல்லும் மங்கிய ஒளியைப் பிடிக்கக் கூடுதல் பச்சையம் சேர்த்துக்கொண்டதால் வந்தது. கரிமப் பொருளின் உச்சம் அதற்கு மேலே இருக்கலாம். புரோகுளோரோகாக்கஸுக்குள்ளேயே ஒளிமிகு நீருக்கு ஒரு வகையும் ஒளிகுறை நீருக்கு இன்னொரு வகையும் உண்டு. 2003இல் மரபணுத்தொகுதிகள் வெளியானபோது, மத்தியதரைக் கடலிலிருந்து பெற்ற எம்.இ.டி.4 என்ற ஒளிமிகு வகையில் சுமார் 1700 மரபணுக்களே இருப்பது தெரிந்தது. ஒளிகுறை வகையான எம்.ஐ.டி.9313இன் தொகுதி அதைவிடக் கணிசமாகப் பெரியது. நாம் மேலிருந்து கீழாக ஒரே பெயரில் எண்ணிக்கொண்டு போவது உண்மையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வாழும் வெவ்வேறு குடிகளை. நடு அரபிக்கடலில் இதற்கும் கீழே, ஆக்சிஜன் ஏறக்குறைய அற்றுப்போன அடுக்கின் மேல்விளிம்பில், புரோகுளோரோகாக்கஸின் இன்னொரு உச்சம் கிடைப்பதுண்டு. 100 மீட்டருடன் மாதிரி எடுப்பதை நிறுத்திவிட்டால் அது கண்ணில் படாது. ஆக்சிஜன் உணரியின் கோடு சரிந்து விழும் இடத்தில் இன்னும் இரண்டு குப்பிகளை மூடச் சொல்ல வேண்டும்.

நிறமிகளைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பவர்களுக்கு ஒரு சொல். புரோகுளோரோகாக்கஸின் பச்சையம் மற்றப் பாசிகளின் பச்சையம் போன்றதன்று. அது டைவினைல் என்ற, வேதியமைப்பில் சற்று மாறிய வகை. நிறமிகளைப் பிரிக்கும் கருவியின் பழைய சி18 நிரல்களில் இரண்டும் ஒரே முகடாக வெளிவந்துவிடும். சி8 நிரலைப் பயன்படுத்தினால் பிரியும். கட்டணம் கட்டி வெளியாய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டிலும் உள்ள ஜியாசாந்தின் என்னும் நிறமியின் அளவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சினெகோகாக்கஸும் புரோகுளோரோகாக்கஸும் ஒன்றாகக் கலந்துவிடும்.

நேரத்தைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. கப்பல் நேரம் விலை உயர்ந்தது. ஒரு நிலையத்தில் விடியலிலும் அடுத்ததில் நண்பகலிலும் அதற்கடுத்ததில் நள்ளிரவிலும் போய் நிற்பதுதான் வழக்கம். புரோகுளோரோகாக்கஸ் பகலெல்லாம் வளர்ந்து, மாலையிலிருந்து இரவுக்குள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிரிகிறது. ஆகவே மாலையில் செல்கள் பருத்திருக்கும், பின்னிரவில் எண்ணிக்கை கூடியும் உருவளவு குறைந்தும் இருக்கும், நண்பகலில் மேற்பரப்புச் செல்களின் ஒளிர்வு தணிந்திருக்கும். இரண்டு நிலையங்களுக்கு இடையில் தெரியும் வேறுபாடு இடத்தால் வந்ததா, மணியால் வந்ததா என்பதைப் பின்னால் உட்கார்ந்து பிரிக்க இயலாது. தலைமை ஆய்வாளரிடம் வேறு எதையும் கேட்டுப் பெற முடியாவிட்டாலும், ஒரே நிலையத்தில் ஒரு முழு நாள் நின்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்கும் வாய்ப்பை மட்டும் பயணத் திட்டத்தில் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அந்த ஒரு நாள் இல்லாமல் மற்ற நாள்களின் எண்களுக்குப் பொருள் சொல்வது கடினம்.

எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சமுதாயத்தின் வேலையை அறிய முடியாது என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. வாரக்கணக்கில் ஒரே நீர்த்திரளைத் தொடர்ந்தாலும் மில்லிலிட்டருக்கு எத்தனை செல் என்பது பெரிதாக மாறாது. செல்கள் நாளுக்கு ஒருமுறை அளவில் பிரிகின்றன. ஏறக்குறைய அதே அளவு ஒவ்வொரு நாளும் தின்னப்படுகின்றன அல்லது வைரஸ்களால் உடைகின்றன. இந்த இரண்டையும் பிரித்தறிய நீர்த்தல் சோதனை என்ற முறை 1982 முதல் இருக்கிறது. கடல்நீரை வடிகட்டிய அதே கடல்நீரோடு வெவ்வேறு விகிதங்களில் கலந்து ஒரு நாள் வைத்தால், மேய்வோர் அடர்த்தி குறைந்த புட்டிகளில் செல்கள் கூடுதலாகப் பெருகும். அந்தச் சரிவிலிருந்து வளர்ச்சி வேகத்தையும் மேய்ச்சல் வேகத்தையும் தனித்தனியே கணக்கிடலாம். சோதனை எளியது, சுத்தம்தான் கடினம். புரோகுளோரோகாக்கஸ் தாமிரத்துக்கு மிகவும் அஞ்சும் உயிர். புதிய வடிகட்டி, ரப்பர்க் குழாய், பித்தளை இணைப்பு ஆகிய எதிலிருந்தும் வரும் மிகச்சிறு கசிவு வளர்ச்சியை நிறுத்திவிடும். சிலிக்கோன் குழாய்களை மட்டும் பயன்படுத்துவதும், புட்டிகளையும் வடிகட்டிகளையும் நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துத் தூயநீரில் பலமுறை அலசுவதும், நிஸ்கின் குப்பிகளுக்குள் இருக்கும் ரப்பர் நாண்களை மாற்றச் சொல்வதும் இங்கே அடிப்படைத் தேவைகள்.

மேய்ந்த செல்கள் எங்கே போகின்றன என்பதில்தான் நடுக்கடலின் இயல்பு இருக்கிறது. கோபிபாடு போன்ற சிறு மிதவை விலங்குகளால் இவ்வளவு சிறிய செல்லைப் பிடிக்க இயலாது. சில மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒற்றைச்செல் சவுக்குயிரிகள் இவற்றை உண்கின்றன. அவற்றைச் சிலியேட்டுகள் என்னும் சற்றுப் பெரிய ஒற்றைச்செல் உயிர்கள் உண்கின்றன. அதன் பிறகே கோபிபாடுக்குப் பங்கு வருகிறது. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி சுவாசத்தில் போய்விடுவதால் மீனுக்கும் கடலடிக்கும் எஞ்சுவது குறைவு. மாறாக, வெளியேறும் அம்மோனியம் மேலடுக்கிலேயே தங்கி மறுபடியும் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. எம்.இ.டி.4 போன்ற வகைகள் நைட்ரேட்டைப் பயன்படுத்தும் நொதிகளையே இழந்துவிட்டவை என்பதை இந்தச் சுழற்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஆழ்நீரைக் கிளப்பும்போது நைட்ரேட்டைப் பற்றிக்கொண்டு டயாட்டங்கள் பெருகுகின்றன. புரோகுளோரோகாக்கஸ் கலங்காத நீருக்கு ஒதுங்குகிறது. சினெகோகாக்கஸ் கலங்கிய நீரிலும் தாக்குப்பிடிக்கிறது. டயாட்டம் வந்ததும் பாக்டீரியாக்கள் தோற்று ஓடுவதாக எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பல சமயங்களில் அடித்தளம் அப்படியே இருக்க, அதன்மேல் டயாட்டங்கள் கூடுதலாக ஏறுகின்றன. விகிதத்தை மட்டும் வரைந்தால் சரிவு போலத் தோன்றுவது, மொத்த எண்ணிக்கையை வரைந்தால் மறைந்துவிடும். விகிதப் படம் எதுவாக இருந்தாலும் பக்கத்தில் மொத்தப் படம் இருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

புரோகுளோரோகாக்கஸைத் தனியாக வளர்க்க முயல்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி அதனிடம் இல்லை; சுற்றியிருக்கும் மற்றப் பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்து தருகின்றன. கலப்பில்லாத வளர்ப்பு திடீரென அழிவதற்கு இது ஒரு காரணம். துணைப் பாக்டீரியா ஒன்றைச் சேர்த்து வளர்ப்பதில் தயங்க வேண்டியதில்லை.

நைட்ரஜனை வளியிலிருந்தே எடுக்கும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக்களுக்கு மாதிரி எடுக்கும் முறை முற்றிலும் வேறு. டிரைக்கோடெஸ்மியம் காற்றடங்கிய நாள்களில் மேற்பரப்பில் மரத்தூள் கொட்டியதுபோலப் பட்டைபட்டையாக மிதக்கும்; இந்தியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பிப்ரவரி முதல் மே வரை அதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் இழைக் கூட்டங்கள் நிஸ்கின் குப்பியின் மேற்பகுதியில் ஏறி நின்றுவிடுவதால், குழாயைத் திறந்து ஒரு லிட்டர் மட்டும் பிடித்தால் எண்ணிக்கை ஏமாற்றும். குப்பி முழுவதையும் வடித்து 10 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் பிடிப்பதும், கப்பல் கிளப்பும் அலைக்கு எட்டாத முன்பக்கத்திலிருந்து வாளியால் மேல்நீரை முகப்பதும் பயன் தரும். கண்ணுக்குத் தெரிவதால் டிரைக்கோடெஸ்மியத்துக்கு நெடுங்காலம் முழுப் புகழும் போயிற்று. ஒற்றைச் செல்லாக வாழும் கிரோகோஸ்பேராவும், ஒரு பாசிக்குள் வாழும் யு.சி.ஒய்.என்.-ஏ என்ற பாக்டீரியாவும் கணிசமாக நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன என்பது பின்னர் தெரிந்தது. அந்த யு.சி.ஒய்.என்.-ஏ தன் பாசியின் உள்ளுறுப்பாகவே மாறிவிட்டது என்று 2024இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஒளியைப் பயன்படுத்தும் எல்லாப் பாக்டீரியாக்களும் ஆக்சிஜன் வெளியிடுபவை அல்ல. பாக்டீரியோகுளோரோஃபில் என்னும் நிறமி கொண்ட காற்றுவாழ் வகைகளும், 2000இல் அறியப்பட்ட புரோட்டியோரோடாப்சின் என்னும் ஒளியுறிஞ்சும் புரதம் கொண்டவையும் கரைந்த கரிமப் பொருளை உண்டு வாழ்ந்துகொண்டே ஒளியிலிருந்து கூடுதல் ஆற்றல் பெறுகின்றன. நாம் பயன்படுத்தும் சிவப்பு, ஆரஞ்சு உணரிகளில் இவை ஒளிச்சேர்க்கையாளர்களாகப் பதிவாகா. அகச்சிவப்பு உணரியோ மரபணு ஆய்வோ வேண்டும். திட்டத்தில் இவற்றைச் சேர்க்க விரும்புபவர்கள் அதற்கான நீரைத் தனியாகக் கேட்பது நல்லது.

கடைசியாக, எண்ணிக்கையைக் கரிம அளவாக மாற்றும் இடம். ஒரு புரோகுளோரோகாக்கஸ் செல்லில் எத்தனை ஃபெம்டோகிராம் (ஒரு மைக்ரோகிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கரிமம் என்பதற்கு வெவ்வேறு ஆய்வுகள் 30க்கும் 60க்கும் இடையில் வெவ்வேறு எண்களைப் பயன்படுத்தியுள்ளன. மில்லிலிட்டருக்கு 1 லட்சம் செல்கள் என்றால், முதல் எண்ணின்படி லிட்டருக்கு 3 மைக்ரோகிராம், இரண்டாவதின்படி 6 மைக்ரோகிராம். கடல் மாறாமலே விடை இரட்டிப்பாகிறது. எந்த எண்ணைத் தேர்ந்தாலும், செல் எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிட்டால் பின்னால் வருபவர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடியும். கருவியின் மூலக் கோப்புகளை ஒளிர்மணிக் கோப்புகளோடும் வாசலளவுக் குறிப்புகளோடும் இரண்டு இடங்களில் சேமியுங்கள். திரள்களைச் சுற்றி நாம் இன்று வரையும் எல்லைகளை நாளை வேறொருவர் வேறுவிதமாக வரைய நேரலாம். ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு குழாயைத் திறக்காமல் உறைபெட்டியில் விட்டுவைப்பதும் எங்கள் வழக்கம். அந்தக் குழாய்களின் பட்டியலை உறைபெட்டிக் கதவில் ஒட்டாமல் கணினியில் வைத்திருங்கள், ஏனெனில் கதவில் ஒட்டிய தாள் ஓர் ஆண்டுக்குள் ஈரத்தில் அழிந்துவிடும்.